வாய் வைத்துக் குடிக்கலாம்

கண்ணா,

நேற்று நீ போனை வைத்த பிறகு நான் வெகுநேரம் சிரித்துக்கொண்டே இருந்தேன். உன் அப்பா பேப்பரை இறக்கிவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். உங்கள் மகன் தாலி கட்டுவதற்கு முன்பே மாமனார் வீட்டுக்குச் சட்டம் போட்டுவிட்டான் என்றேன். அவரும் சிரித்தார். ஆவணியில் கல்யாணம். சமயபுரத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்தும் அந்த அமைதியான மனிதரிடம், மண்டபத்தில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கூட இருக்கக் கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லியிருக்கிறாய். கூடவே, எங்கள் தெருவில் நீர்மோர்ப் பந்தலையே ஒரே நாளில் மாற்றிவிட்டோம், மண்டபம் என்ன பெரிய விஷயம் என்றும் சொல்லியிருக்கிறாய். அவர் "சரிங்க மாப்பிள்ளை" என்றாராம். எவ்வளவு சுலபமாக முடிந்தது பாரும்மா என்று என்னிடம் ஒரே பெருமை. சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பந்தல் ஒரே நாளில் மாறியது என்று நீ நம்பிக்கொண்டிருப்பதற்குக் காரணம் நான்தான். உனக்கு ஒரு போட்டோவை மட்டும் அனுப்பிவிட்டு மீதிக் கதையைச் சொல்லாமல் விட்டேன். போனில் சொல்லலாம் என்றால் பாதியில் உனக்கு ஆபீஸ் மீட்டிங் வந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நீ கட்டிக்கொள்ளப்போகிற கயலும் படிக்கட்டும், வேறு யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

நம் திருவானைக்கோயில் தெருவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கயலுக்காகச் சொல்கிறேன். சித்திரையில் சமயபுரம் மாரியம்மன் தேருக்கு முன்னால் நாலு பக்கமிருந்தும் ஜனங்கள் மஞ்சள் உடுத்தி நடந்து வருவார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டி, நம் தெருமுனை வழியாகக் கொள்ளிடம் பாலத்துக்குப் போவார்கள். தார் ரோடு கொதிக்கும். அந்த நாட்களில் தெருவே சேர்ந்து முனையில் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுப்போம். எனக்குத் தீபாவளியைவிட அதுதான் பெரிய பண்டிகை. தில்லை நகர் ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்த்த காலத்திலும் அந்த நாட்களுக்கு மட்டும் எப்படியாவது லீவு வாங்கிவிடுவேன். பிரச்சினை கப்தான். சாயங்காலம் பார்த்தால் சாக்கடை முழுக்கக் கசங்கிய கப்பாகக் கிடக்கும், அடுத்த மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். போன வருஷம் அதைப் பார்த்துவிட்டு நீ சென்னைக்குப் போனாய். இந்த வருஷம் பந்தலுக்கு முந்தின நாள் பார்சலில் மூட்டை மூட்டையாக எவர்சில்வர் டம்ளர் வந்து இறங்கியது. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் உன் மெசேஜும் வந்தது: இனிமேல் பேப்பர் கப் கிடையாது, இதை விவாதிக்க வேண்டாம், பூமி காத்திருக்காது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் மெசேஜுக்குக் கும்பிடு போட்டவர்களில் முதல் ஆள் நான்தான்.

முதல் நாள் என்ன ஆயிற்று தெரியுமா? டம்ளரை எத்தனை தடவை கழுவுவது, யார் கழுவுவது என்று யாருமே யோசிக்கவில்லை. நீதான் விவாதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாயே. அந்த அவசரத்தில் நம் ரங்கராஜன் சார், தெருவுக்கே மூத்தவர், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், ஒரு வழி கண்டுபிடித்தார். வாய் படாமல் குடித்தால் லேசாக அலசினாலே போதுமாம். அழகான கையெழுத்தில் "அண்ணாந்து குடிக்கவும்" என்று ஒரு போர்டு எழுதி முன்னால் தொங்கவிட்டார். நாங்களும் நல்ல யோசனை என்று தலையாட்டினோம். இப்போது நீ சொல்லு, தலையில் பால்குடம் வைத்துக்கொண்டு நடந்து வருகிறவள் எப்படி அண்ணாந்து குடிப்பாள்? முதலில் வந்த அம்மா டம்ளரை வாங்கினாள், போர்டைப் பார்த்தாள், மேலே குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இடுப்பில் குழந்தையோடு வந்தவர்கள் மேலெல்லாம் மோரைக் கொட்டிக்கொண்டார்கள். ஒரு பெரியவருக்குப் புரையேறி, உன் அப்பா அவர் தலையைத் தட்டிக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்த திருப்பத்தில் பிளாஸ்டிக் கப்பில் ஜூஸ் கொடுத்த பந்தலுக்குப் போய்விட்டார்கள். அண்டா நிறைய மோர் மிஞ்சியது.

அதுகூடப் போகட்டும். அமுதாவை உனக்குத் தெரியும், எதிர் வீடு, பேங்க் ஆபீசர். அவள் இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து மோர் கலக்குவது அவள் கைதான், இஞ்சி எவ்வளவு, பெருங்காயம் எவ்வளவு என்பதெல்லாம் அவள் கணக்கு. அன்றைக்குக் காலையில் போர்டைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவள், மத்தியானம் லீவைக் கேன்சல் செய்துவிட்டு பேங்குக்கே போய்விட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். சாயங்காலம் மிஞ்சிய மோரில் ஒரு தூக்கு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முதலில் தலைவலி என்றே சொன்னாள். இரண்டாவது முறை கேட்டபோது சொன்னாள்:

"எங்க தாத்தா டீக்கடையில அண்ணாந்துதான்க்கா குடிப்பாரு. சுத்தத்துக்காக இல்ல. பேப்பர் கப்பு குப்பைதான், எனக்கும் தெரியும். ஆனா அது வந்ததுக்கு அப்புறம்தான் எங்க ஆளுங்க யார் மூஞ்சியையும் பாக்காம தண்ணி வாங்கிக் குடிச்சாங்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உன் அம்மாவுக்கு அது வருமா? இது வெறும் சுகாதார விஷயம், ரங்கராஜன் சார் தங்கமான மனுஷர், நீ இதைப் போய் அப்படி எடுத்துக்கொள்ளலாமா, என் மகன் எவ்வளவு ஆசையாக அனுப்பினான் என்று மூச்சு விடாமல் பேசிவிட்டு வந்தேன். அவள் தூக்கைக் கழுவி என் கையில் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் பாத்திரங்களை டமடமவென்று வைத்தேன். நடந்ததை எல்லாம் கேட்ட உன் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நீ கேட்டுட்டு வந்தியா, பதில் சொல்லிட்டு வந்தியா?" எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் அவர் சொன்னது சரி. மறுநாள் விடிந்ததும் மறுபடி போனேன். நேற்று நான் பேசியது தப்பு என்றேன். நீ என்னிடம் சொன்னதைத் தெருவிலும் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவள் தயங்கினாள். சொன்னால் நாளைக்கு மோரை விட்டுவிட்டு என்னைப் பற்றித்தான் பேசுவார்கள் என்றாள். பேசினால் என் முன்னால் பேசட்டும் என்றேன். என் கோபத்துக்கும் ஒரு உபயோகம் உண்டு கண்ணா.

அன்றைய பகலும் அதே போர்டோடு போனது, சாயங்காலம் கூட்டம். எங்கே தெரியுமா? பந்தலுக்குப் பின்னால் டம்ளர் கழுவும் தொட்டிகளைச் சுற்றி. அன்றைக்குச் சேர்ந்த டம்ளர் குவியலாகக் கிடந்தது, கழுவ ஆள் இல்லை. கழுவிக்கொண்டே பேசலாம் என்று உன் அப்பா ஸ்டூல்களைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிப் போட்டுவிட்டார். தெரியாமலேயே அவர் செய்த மிக நல்ல காரியம் அது. கை சோப்புத் தண்ணீருக்குள் இருந்தால் விரலை நீட்டிப் பேச முடியாது. போனை எடுத்துப் பார்க்க முடியாது. ஒருவர் பேசி முடிக்கும் வரை அடுத்தவருக்குத் தேய்க்க ஒரு டம்ளர் இருக்கிறது. டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்களே, அவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தொட்டி கொடுக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

மாடி வீட்டு பாஸ்கர் முதலில் ஆரம்பித்தான். காவிரி மணலாகக் கிடக்கிற சித்திரையில், இத்தனை டம்ளரைக் கழுவும் தண்ணீர் மட்டும் பூமிக்கு நல்லதா என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். குரூப்பில் கேட்டிருந்தால் நீயும் நானும் சேர்ந்து அவனைப் பூமிக்கே விரோதியாக ஆக்கியிருப்போம். இங்கே அவனும் தேய்த்துக்கொண்டே கேட்டதால் எல்லோரும் யோசித்தார்கள். பாதிப் பேர் கையில் சொந்த பாட்டிலோடுதான் வருகிறார்கள், குழாய் வைத்த டிரம்மிலிருந்து அதில் நேராக மோரைப் பிடித்துக் கொடுத்தால் டம்ளரே வேண்டாம் என்று அவன் மனைவியே சொன்னாள். கடைசி அலசல் தண்ணீரைத் தெருமுனை வேப்பமரத்துக்கு விடலாம் என்று இன்னொருவர் சொன்னார். என் முறை வந்தபோது லேபில் பார்த்த அனுபவத்தைச் சொன்னேன். வாய் படுவதால் மட்டும் வியாதி வந்துவிடாது, சரியாகக் கழுவாததால்தான் வரும், சோப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தால் பயப்பட வேண்டாம் என்றேன்.

பிறகு அமுதா பேசினாள். என்னிடம் சொன்னதையே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.  பாஸ்கர்தான் முணுமுணுத்தான், எதற்கெடுத்தாலும் இதைக் கொண்டு வர வேண்டுமா என்று. அமுதா அவனைப் பார்த்து, "நான் கொண்டு வரலைங்க. போர்டுல இருந்துச்சு" என்றாள்.  இதோடு பந்தல் இரண்டாகப் போகும், அடுத்த வருஷம் யாரும் யார் முகத்திலும் விழிக்கப் போவதில்லை என்றுதான் நினைத்தேன். எல்லோரும் ரங்கராஜன் சாரைப் பார்த்தோம். அவர் கையிலிருந்த டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அதில் தேய்க்க ஒன்றுமே மிச்சமில்லை.

"நான் அதை நினைச்சு எழுதலைம்மா" என்றார் கடைசியில். "ஆனா நினைக்காமலே கை அப்படி எழுதியிருக்குன்னா, அது இன்னும் சரியில்லை. எங்காத்துல காபியையே அண்ணாந்துதான் குடிப்போம். என் ஆத்துக்காரி கொடுத்தாலும் அப்படித்தான்."

"அப்ப மாமியும் எங்க கட்சிதான் சார்" என்றாள் அமுதா. முதலில் சிரித்தது மாமிதான். பிறகு தெருவே சிரித்தது, பாஸ்கரும்தான். கண்ணா, அந்தச் சிரிப்பால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தாத்தாவின் டீக்கடையை ஒரு சிரிப்பில் கழுவிவிட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு பேச்சு எவ்வளவு லேசாக நடந்தது தெரியுமா? அண்ணாந்து குடிக்கச் சொல்ல வேண்டாம் என்று முடிவானது. வெந்நீர் அண்டாவை எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னாலேயே வைப்பது என்று முடிவானது. அப்படியும் பொது டம்ளரில் குடிக்கத் தயங்குகிறவர்களுக்கும் இருமல் சளி உள்ளவர்களுக்கும் ஒரு கட்டு பேப்பர் கப்பை மூலையில் வைத்துக்கொள்ளலாம், கூடவே ஒரு குப்பைத் தொட்டியும் என்று பாஸ்கர் கேட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை, அமுதாதான் வைக்கலாம் என்றாள். நீ போட்டோவைப் பார்த்துவிட்டு, மூலையில் என்னம்மா பேப்பர் கப் என்று கோபமாகக் கேட்டாயே, அதுதான் இது. அன்றைக்கு உனக்கு ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் பதிலாக அனுப்பினேன்.

மறுநாள் காலை ரங்கராஜன் சார் எங்களுக்கெல்லாம் முன்னால் வந்துவிட்டார். பழைய போர்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தார்: "வெந்நீரில் கழுவியது. வாய் வைத்துக் குடிக்கலாம்." மாட்டியாயிற்று, ஆனால் போர்டை நம்பலாமா என்றோ என்னவோ, வந்தவர்கள் டம்ளரை வாங்கிக்கொண்டு எங்கள் முகத்தையே பார்த்தார்கள். ரங்கராஜன் சார் அமுதாவிடம் போய்க் கையை நீட்டினார். அவள் ஊற்றிக் கொடுத்தாள். பிறந்ததிலிருந்து டம்ளரில் உதடு வைத்தறியாத மனிதர், எங்கே வைப்பது என்று தெரியாமல் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாய் வைத்துக் குடித்தார். நடுவில் மூச்சு வாங்கக்கூடத் தெரியவில்லை. மீசையெல்லாம் மோர். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வரிசையில் நின்ற ஒரு பால்குடக்காரம்மா, "எனக்கும் குடுங்க தாயி" என்று கையை நீட்டினாள். நீ பார்த்த போட்டோ அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தது. அதில் நான் ஏன் அப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன் என்று இப்போது புரிகிறதா? அவ்வளவு சந்தோஷமாக நான் பந்தலில் நின்றதே இல்லை.

இதையெல்லாம் உனக்கு ஏன் சொல்கிறேன்? டம்ளர் அனுப்பியது தப்பு என்று சொல்ல இல்லை. நீ அனுப்பாவிட்டால் இந்தப் பேச்சே வந்திருக்காது. உன்னைப் போல் ஒருத்தன் முதலில் கத்தத்தான் வேண்டும். ஆனால் கத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறாய் பார், அந்தப் பழக்கத்தை உனக்கு நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம். பள்ளிக்கூடத்தில் பட்டாசு வெடிக்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு வந்து, உன் சித்தி மகளின் மத்தாப்பையெல்லாம் வாளித் தண்ணீரில் முக்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? அவள் அழுதுகொண்டே நின்றாள், நாங்கள் அவள் முன்னாலேயே உன் முதுகில் தட்டிக்கொடுத்தோம். உன் அப்பா அதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். அவளுக்கு வேறு மாதிரி ஒரு தீபாவளி வேண்டுமா என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அவள் வீட்டில் தீபாவளிக்கு அதிக வெடி வெடிப்பது அவள்தான்.

கப், பை, பாட்டில், குப்பைத்தொட்டி எல்லாம் பேச்சுக்குச் சின்ன விஷயம்தான். ஆனால் அவை ஒவ்வொருவர் வாயிலும் கையிலும் அடுப்படியிலும் வந்து படுகிற விஷயம். அங்கே யாருக்கு என்ன வலி இருக்கிறது என்பது அவர்கள் சொன்னால்தான் நமக்குத் தெரியும். எதிர்த்துப் பேசுகிறவன் எல்லாம் சுயநலக்காரன் இல்லை, ஆதரித்துப் பேசுகிற நாம் எல்லாம் உத்தமர்களும் இல்லை. உனக்கு அவசரம், எனக்கும்தான், வெயில் வருஷா வருஷம் ஏறுவது எனக்குத் தெரியாதா? அவசரம் என்பதால்தான் சொல்கிறேன். முதல் நாள் பேசாமல் மாற்றினோம், மத்தியானத்துக்குள் தோற்றுப்போனோம். பேசி மாற்றியது தேர் வரைக்கும் நின்றது.

இதுவரை நேற்று எழுதினேன். இன்று காலையில் உன் வருங்கால மாமனாரே எனக்குப் போன் செய்தார். மண்டபத்தைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி என்று சுற்றி வளைத்துப் பேசினார். அவருக்கு வேறு ஏதோ கேட்க வேண்டியிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்த முறை உன் அம்மா வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள், நீயே பாராட்டுவாய். கடைசியில் சொன்னார்:

"எங்க சொந்தக்காரங்க எல்லாம் துறையூர்ப் பக்கமுங்க சம்பந்தி. மத்தியான வெயில்ல பஸ்ஸுல திரும்பிப் போவாங்க. அந்த பாட்டில் பந்தியில குடிக்கிறதுக்கு இல்லீங்க. யாரும் திறக்கவே மாட்டாங்க, பைக்குள்ள வச்சுக்குவாங்க. வழிக்குத் தண்ணி இல்லாம எப்படி அனுப்புறதுன்னுதான் யோசிக்கிறேன்."

எத்தனை கல்யாணத்தில் நான் அப்படி பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், எனக்கே அது தோன்றவில்லை கண்ணா. டம்ளர் வைத்தால் பந்திக்கு ஆயிற்று, பஸ்ஸுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோயில் வாசலில் தினமும் மூட்டை மூட்டையாகக் காலி பாட்டிலைப் பார்க்கிற மனிதர் அவர், உன்னைவிட அவருக்கு அது அலுத்துப்போயிருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஏதாவது வழி வரும். இதை மாப்பிள்ளையிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.  மாப்பிள்ளைதான் பேச்சுக்கே இடமில்லை என்றுவிட்டாரே, ஆரம்பத்திலேயே எதற்கு மனஸ்தாபம், பெண்ணைக் கொடுக்கிற இடம் என்றார். உன் அப்பாவின் வயது அவருக்கு. என் மகனிடம் பேச ஒரு மனிதர் பயப்படுகிறார் என்று இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். 

"நீங்களே சொல்லுங்க சம்பந்தி, என் மகன் கேப்பான்" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்த வாக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னைக் கூப்பிடுவார். முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவார், பிறகு மண்டபத்தைப் பற்றி, விஷயத்துக்கு வர வெகுநேரம் ஆகும். அவராக வரும் வரைக்கும் நீ பேசாமல் இரு.

அம்மா